இடது பக்கத்து மேடு

எங்கள் லேபில் டீ வாங்கிவர முறை வைத்திருப்பது போல ரத்தம் கொடுக்கவும் முறை வைத்திருக்கிறோம். நோயாளியின் ரத்தத்தை மட்டும் மெஷினில் ஓட்டிவிட்டு, இது சரி, இது கோளாறு என்று சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தத்தையும் அதே மருந்து போட்டு, அதே சூட்டில் வைத்து, அதே நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். இதற்காகத் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டு என்றா கேட்பது? அதனால் எங்களுக்குள்ளேயே மாறி மாறிக் கொடுத்துக்கொள்வோம். கொடுத்தவருக்கு அன்றைக்கு டீ இலவசம். சளி பிடித்தவர், புதிதாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர், அன்றைக்கு சாம்பிளைக் கையாளுகிறவர், இந்த மூவரும் கொடுக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்ன விதியால் நான் தப்பித்துக்கொண்டே இருந்தேன். டி செல்களைப் பார்க்கும் இந்த ஒரு பரிசோதனை எங்கள் லேபுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து அதை நான்தான் செய்கிறேன். வேறு யாராவது கை வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அக்கா மேசைப் பக்கம் போகாதே, கடிச்சு வைக்கும்" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு வந்தவன் ஒன்றரை வயதுப் பையன். மூன்று முறை நிமோனியா, வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றுப்போக்கு. சின்ன நரம்பில் ஊசி ஏற்றுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பையனை மடியில் வைத்துக்கொண்டு அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். தூங்காத கண். நான் நரம்பைத் தடவித் தேடிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"ஆறு மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தான், தும்மல் கூடக் கிடையாது. நான் வேலைக்குப் போகணும்னு பாலை நிறுத்திட்டேன். அதுக்கு அப்புறம்தான் எல்லாம் வந்துச்சு."

எனக்குக் கை நடுங்காது. அன்றைக்கும் நடுங்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், என் அம்மா சொல்லி நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அவளிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, "கையை இறுக்கிப் பிடிங்க, ஆட்டக் கூடாது" என்பதுதான்.

கன்ட்ரோல் கொடுக்க வேண்டியவன் கடிகாரம். பேசிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டைப் பார்ப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், என்னைவிடச் சில வயது இளையவன். அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றான். மற்ற இரண்டு பேரில் ஒருவர் விடுப்பு, ஒருவர் முதல் நாள்தான் தடுப்பூசி போட்டிருந்தார். பையனின் ரத்தமோ காத்திருக்காது. விதியாவது ஒன்றாவது என்று நானே கையை நீட்டினேன். கடிகாரம் மூக்கில் முகமூடியோடு வந்து என் கையில் குத்தினான். நன்றாக வலித்தது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

நான் பார்க்கிற விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நம் ரத்தத்தில் பி செல் என்று ஒரு ஜாதி இருக்கிறது. ஒவ்வொரு பி செல்லுக்கும் அதனதன் கொக்கி. கொக்கிக்குப் பொருந்துகிற கிருமி மாட்டினால் அதைப் பிடித்து, உள்ளே இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டை மட்டும் உள்ளங்கையில் வைத்தது போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் துண்டை அடையாளம் கண்டுகொள்ளும் டி செல் வர வேண்டும். அது வந்து, தொட்டுப் பார்த்து, ஆமாம் இது எதிரிதான் என்று தெரிந்துகொண்டால், தன் பங்குக்கு ஒரு கையை நீட்டி பி செல்லின் கையைப் பிடிக்கும். அந்தக் கைப்பிடி கிடைத்த பிறகுதான் பி செல் பெருகி, நல்ல வலுவான எதிர்ப்பொருளைச் செய்து குவிக்கும். கைப்பிடி கிடைக்காவிட்டால், அவசரத்துக்குச் செய்கிற முதல் ரகத்தையே செய்துகொண்டிருக்கும். அது பல கிருமிகளுக்குப் போதாது. சில ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே டி செல்லுக்கு அந்தக் கை முளைப்பதில்லை. அந்தக் கை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சும்மா இருக்கும் டி செல் கையை மடக்கித்தான் வைத்திருக்கும். மருந்து ஊற்றி, உசுப்பிவிட்டு, சில மணி நேரம் சூட்டில் வைத்து, அப்புறம் மெஷினில் ஒவ்வொன்றாக ஓட்டினால் திரையில் ஒரு மேடு எழும். கை இருந்தால் மேடு வலது பக்கம் எழும், இல்லாவிட்டால் இடது பக்கம்.

பையனுடையது மொத்தமும் இடது பக்கம். எனக்கு ரத்தம் எடுக்கும்போதே அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியிருந்தது. அடுத்து என்னுடையதை ஓட்டினேன். இரண்டு மேடு எழுந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, கிட்டத்தட்ட சரிபாதி.

கடிகாரம் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, ஒட்டகம் வளக்கிறீங்களா?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. இது எப்படி வரும் என்று எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் சட்டென்று தெரியும். என் குழாயில் பையனின் ரத்தம் கலந்துவிட்டது. கை இருக்கிற செல் பாதி, இல்லாத செல் பாதி, வேறென்ன? ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் முனையை மாற்றாமல் இரண்டு குழாயிலும் விட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்கிற காரியம். அதுவும் கையாளுகிறவர் கொடுக்கக் கூடாது என்ற விதியை மீறிய அன்றைக்கே. யாரைக் கடிப்பது? என்னையே கடித்துக்கொண்டேன். பையனின் அறிக்கையை நிறுத்திவைத்துவிட்டு, அவனை மறுபடி குத்த வேண்டியிருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். பையனை ஒரு மேசையில், என்னுடையதை இன்னொரு மேசையில், மூன்றாவதாக வேறு பிரிவிலிருந்து ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து அவருடையதையும். முனையை ஒவ்வொரு சொட்டுக்கும் மாற்றினேன். பையனுக்கு இடது பக்கம் ஒரே மேடு. வேறு பிரிவு ஆளுக்கு வலது பக்கம் ஒரே மேடு. எனக்கு ஒட்டகம்.

டாக்டரம்மா வந்து திரையைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு அண்ணன் தம்பி யாராவது உண்டா?"

"ஒரு தம்பி."

"எப்படி இருக்கான்?"

"இல்ல டாக்டர். சின்னதுலயே போயிட்டான்."

அவர் கேட்டதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, ரத்தம் கலக்கவில்லை, தம்பியைக் கொண்டுபோன கோளாறுதான் பாதி என்னிடமும் இருக்கிறது. என் தோளில் கை வைத்தார். நான் எழுந்து குளிர்பெட்டிகள் இருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே மோட்டார் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது, எங்கள் லேபில் எல்லோருக்கும் அந்த வசதி தெரியும்.

தம்பியைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு ஐந்து வயதானபோது பிறந்தான். அம்மா அப்போது சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கராக இருந்தாள். குட்டிக்கு ஆறு மாதம் ஆனதும் பால் மறக்கச் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அந்த மாதமே அவனுக்குக் காதில் சீழ் வைத்தது. அப்புறம் சளி, அப்புறம் நெஞ்சு, அப்புறம் வாய்ப்புண். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, மூன்று வயது முடிவதற்குள் போய்விட்டான். அத்தை ஒருத்தி, பிள்ளையைவிடச் சட்டை பெரிதாகப் போய்விட்டது உனக்கு என்று கூடத்தில் நின்று சொன்னாள். அப்பா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவர் எதற்குமே மறுப்புச் சொல்கிற ஆள் இல்லை, இப்போது உயிரோடும் இல்லை. அம்மா அன்றிலிருந்து டீயில் பால் சேர்ப்பதில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. யாராவது என்னைக் காட்டி, பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும், "நான் பிள்ளை வளர்த்த லட்சணம் எனக்குத் தெரியும்" என்று பேச்சை முறித்துவிடுவாள்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வாய்க்குப் பயந்து யாரும் வரவில்லை என்பது அம்மாவின் கட்சி.

டாக்டரம்மா எனக்கு ஒன்று சொல்லி அனுப்பினார். இந்தக் கோளாறு அம்மாவின் வழியாக வருவது, அதனால் அம்மாவின் ரத்தத்தையும் பார்த்தால் நல்லது, அவசரமில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். எனக்குச் சொல்வதில் ஒரு பாதி இனிப்பாக இருந்தது. பால் காரணமில்லை. இத்தனை வருடம் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிடலாம். மறுபாதி அப்படியில்லை. பிடுங்கின இடத்திலேயே அதைவிடப் பெரியதாக ஒன்றை அடித்து இறக்குவதற்கு நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை பகலில் அம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு எவ்வளவோ காலமாகியும் ஒவ்வொரு சட்டையையும் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பாள். நான் புதிதாக வாங்கிய சட்டையின் காலரைப் பார்த்து, காசைக் கொட்டி இதை வாங்கினாயா என்றாள். நான் எதிரே உட்கார்ந்து, லேபுக்கு வந்த பையனைப் பற்றி ஆரம்பித்தேன். குட்டிக்கு வந்ததெல்லாம் அவனுக்கும் வந்திருக்கிறது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்றேன். அம்மாவின் கை நின்றது.

பி செல், டி செல் என்று மட்டும் சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? கம்பெனியில் நடப்பதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு புது மாதிரி வந்தால் டெய்லர் முதல் பீஸை மட்டும் தைத்துச் செக்கரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். செக்கர் பார்த்து, சாக்பீஸால் மார்க் போட்டால்தான் மொத்த லாட்டையும் லைனில் விட்டுத் தைக்கலாம். அம்மா இதை எனக்குச் சின்ன வயதில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"சரி, உன் பி செல்லு டெய்லர். கிருமியை வெட்டி ஒரு துண்டை எடுத்துக்கிட்டு வந்து செக்கர்கிட்ட நீட்டுது. குட்டிக்குச் செக்கர் வரலியா?" என்று கேட்டாள் அம்மா.

"வந்தாங்கம்மா. துண்டும் சரியான துண்டு. வந்து பாத்து, சரின்னும் தெரிஞ்சுக்கிட்டாங்க. கையில சாக்பீஸ் இல்ல."

"மார்க் இல்லாம லைன் ஓடாது."

"ஓடல. டெய்லர் முதல் பீஸ் மாதிரியே அரைகுறையாத் தச்சுக்கிட்டு இருந்திருக்கு. அது ஒண்ணுக்கும் பத்தல."

அப்புறம் பாலுக்கு வந்தேன். இதை மட்டும் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவன் வயிற்றில் இருந்தபோதே அம்மாவின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான். ஆறு மாதம் வரைக்கும் அதுதான் காவல். அது தீர்ந்துபோன மாதமும் அவள் வேலைக்குப் போன மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டது. பாலை நிறுத்தாமல் இருந்திருந்தாலும் காதில் சீழ் வைத்திருக்கும்.

"அவன் நல்லா இருந்த ஆறு மாசமும் நீ குடுத்ததும்மா" என்றேன்.

அம்மா அழவில்லை. மடியில் இருந்த சட்டையின் தையலைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள். நான் நினைத்தேன், முடிந்தது, இனி மீதியை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆனால் அவள் செக்கர். ஒரு பீஸை அரைகுறையாகப் பார்த்துவிட்டு விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"சாக்பீஸை யார் குடுத்திருக்கணும்?"

சமாளிக்க ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அது விதி, இயற்கை, யாருக்கு வேண்டுமானாலும் வரலாம் என்று. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"அம்மாகிட்ட இருந்து வர்றது. அம்மாவுக்கே தெரியாம வர்றது. அதுல உன் தப்புன்னு எதுவும் இல்ல."

"பாலுன்னு நெனச்சேன்" என்றாள். "ரத்தமேவா?"

சட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அடுத்து வந்த நாட்களில் சமைத்தாள், சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். நான் வாய்க்கு வந்தபடி என்னையே திட்டிக்கொண்டேன். லேபில் கடிகாரத்திடம் வள்ளென்று விழுந்தேன். அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போங்கக்கா" என்றான்.

ஒரு காலையில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பால் இல்லாத டீயோடு வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷம் கழிச்சு இதை எப்படிக் கண்டுபிடிச்ச? குட்டியோட ரத்தம் யார்கிட்ட இருக்கு?"

அதை நான் சொல்லவே இல்லை. பையனைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன் என்பது போல விட்டுவிட்டேன். என்னுடையதையும் சேர்த்துச் சொன்னால், ஒரு பிள்ளைக்கு இரண்டு பிள்ளையாக அவள் தலையில் ஏறிவிடுமே என்ற பயம்.

"என் ரத்தத்துல பாத்தேன்."

"உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. என் செக்கருங்கள்ல பாதிப் பேர்கிட்ட சாக்பீஸ் இருக்கு, பாதிப் பேர்கிட்ட இல்ல. பாதி இருந்தாலே லைன் ஓடிடும். உனக்கும் அப்படித்தான் இருக்கும்."

"அந்த இன்னொரு பாதி?"

"குட்டிக்கு இருந்த மாதிரியே."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். என் முகத்தை, ஏதோ இப்போதுதான் ஊரிலிருந்து வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு, "இரு, நானும் வர்றேன்" என்றாள்.

இஸ்திரி போட்ட உடையில் அம்மா எங்கள் லேபுக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை. டாக்டரம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கவனம் கடிகாரத்தின் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. பை ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது தம்பி, கழற்றிக் கொடு என்றாள். நான் வழக்கத்துக்கு விரோதமாக என் மேசையைக் கடிகாரத்திடம் ஒப்படைத்தேன். அவனுக்குச் சளி விட்டிருந்தது. அம்மாவுக்கு நான் ரத்தம் எடுத்தேன், எனக்கு அவன் எடுத்தான், பிறகு என்னைப் போலவே விதியை மீறி அவனே தன்னுடையதையும் கன்ட்ரோலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

ரத்தம் சூட்டில் இருந்த நேரத்தில் அம்மா வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்து கோட்டுப் பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நூல் அவள் பையில் எப்போதும் இருக்கும். நான் கதவருகே சாம்பிள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பையனோடு வந்தாள். அவனுக்கு வெளியிலிருந்து எதிர்ப்பொருளை நரம்பில் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள், அவன் அக்காவின் எலும்பு மஜ்ஜை அவனுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அவளிடம் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார், எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் ஒரு பெரியவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவள் பழைய இடத்திலிருந்தே ஆரம்பித்தாள். ஆறு மாதம் நன்றாக இருந்தான், நான்தான் பாலை நிறுத்திவிட்டேன்.

அம்மா ஊசியைக் கோட்டில் குத்திவைத்தாள். நான் பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றாள். "அந்த ஆறு மாசம் நல்லா இருந்தான்ல? அது நீ குடுத்தது. வயித்துல இருக்கும்போதே குடுத்து அனுப்பிட்ட."

"டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க. மனசு கேக்க மாட்டேங்குதும்மா."

"கேக்காது. எனக்கும் ஒரு பையன் இருந்தான். நானும் பாலுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், என் தலை நரைக்கிற வரைக்கும். நீ அவ்வளவு நாள் எடுத்துக்காதே."

பையன் எட்டி என் அம்மாவின் மடியிலிருந்த நூல்கண்டைப் பிடுங்கிக்கொண்டான். அம்மா அதை விட்டுக்கொடுத்துவிட்டு, அவன் கையில் ஊசி குத்திய இடத்தை மெதுவாகத் தேய்த்துவிட்டாள்.

கடிகாரம் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தான். ரத்தம் கொடுத்தவர்களுக்கு இலவசம் என்று அம்மாவிடம் கோப்பையை நீட்டினான். பால் கலந்த டீ. அவனுக்கு எங்கே தெரியும்? அம்மா ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளினாள். "எனக்கு அந்த ருசியே மறந்துபோச்சு தம்பி, வெறும் டீ இருந்தா குடு" என்றாள். சும்மா ஒரு பழக்கத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

மாலையில் அவளைத் திரையின் முன்னால் உட்காரவைத்தேன். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். கடிகாரத்தினுடையது வலது பக்கம் ஒற்றை மேடு. என்னுடையது ஒட்டகம். அம்மாவுடையதும் ஒட்டகம், இடது மேடு என்னுடையதைவிடக் கொஞ்சம் உயரம். ஒவ்வொரு பெண்ணின் செல்லிலும் அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று என்று சாக்பீஸ் செய்யும் குறிப்பு இரண்டு இருக்கும், ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றை மட்டும்தான் எடுத்துப் பயன்படுத்தும், ஆண்பிள்ளைக்கு அம்மா கொடுத்த ஒன்று மட்டும்தான் என்று விளக்கினேன். குட்டிக்கு எது கிடைத்ததோ அதையேதான் இடது பக்கத்தில் இருக்கிற செல்லெல்லாம் வைத்திருக்கிறது என்றேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காலரைப் பார்ப்பது போல அருகே போய்ப் பார்த்தாள்.

"இதுல குட்டி எது?"

நான் காட்டினேன். அவள் விரலை என் படத்தின் இடது மேட்டில் வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் நகர்த்தித் தன் படத்தின் இடது மேட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"ரெண்டு பேர்கிட்டயும் இருக்கான்."

அது குட்டி இல்லை, நம்முடைய செல்தான், ஒரே பிழை இரண்டு பேரிடமும் இருக்கிறது, அவ்வளவுதான். அறிக்கையில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் ஆளைக் கூப்பிட்டுத் திருத்துகிறவள் நான். "ஆமாம்மா" என்றேன்.

அம்மா அப்போதுதான் அழுதாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தபடி எழுந்து வெளியே போனான். அழுது முடித்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஞ்சு ஒட்டியிருந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சைச் சுற்றிக் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஒவ்வொரு ஊசிக்கும் அவனுக்கு இப்படித்தான் தேய்ச்சு விடுவேன். வலிக்குதா?"

வலி காலையிலேயே போய்விட்டிருந்தது. "கொஞ்சம் வலிக்குது" என்று சொல்லிவிட்டு, கையை அங்கேயே வைத்துக்கொண்டேன்.